லாஹௌல் – ஸ்பிதி: ஒரு மாவட்டமும் இரு பள்ளத்தாக்குகளும்

விடுதியில் என் அறைக்கு அடுத்த அறையில் ஸ்பிதிப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த நண்பர் ஒருவர் இருக்கிறார். இரண்டாண்டுகளுக்கு முன், பிப்ரவரி மாதத்து மாலை ஒன்றில், உதவித்தொகைப் படிவம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். குடும்ப வருமானச் சான்றிதழைக் காஜா என்னும் ஊரில் உள்ள அதிகாரியிடம் பெற்று, அவருடைய தந்தையார் அஞ்சலில் அனுப்பியிருந்தார். உதவித்தொகை வழங்கும் அலுவலகம் அதனை ஏற்கவில்லை. மாவட்டத் தலைமை அதிகாரியின் கையொப்பந்தான் வேண்டும், அதுவும் மாதக் கடைசிக்குள் வேண்டும் என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டது.

நான் சிறிதும் எண்ணிப் பாராமல், “இதற்கு ஏன் கவலைப்படுகிறாய்? அப்பாவை மாவட்டத் தலைநகருக்கு ஒரு நடை போய்வரச் சொல். ஒரு நாள் வேலைதானே?” என்றேன். அவர் சிரித்தார். “எந்த வழியாகப் போகச் சொல்லட்டும்?” என்று கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. நான் நிலவியல் படிக்கும் மாணவன். அம்மாவட்டத்துப் பாறை அடுக்குகளின் பெயர்களை வரிசையாக ஒப்பிப்பேன். ஆனால், அங்கே வாழும் ஒருவர் மாசி மாதத்தில் தம் மாவட்டத் தலைநகருக்கு எப்படிப் போவார் என்பது எனக்குத் தெரியாது. அன்று ஏற்பட்ட வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம். அதன்பின் பாடத்திட்டத்தின்படி பன்னிரண்டு நாள் அப்பள்ளத்தாக்கில் களப்பயணம் செய்யும் வாய்ப்பும் கிடைத்தது. கண்டதையும் படித்ததையும் சேர்த்து, வடபுலத்தில் வாழும் நம் தமிழ் மாணவர்கள் அறிந்துகொள்ளும் பொருட்டு இங்கே எழுதுகிறேன்.

இருப்பிடமும் பரப்பும்

இமாசலப் பிரதேசத்தில் 12 மாவட்டங்கள் உள்ளன. அவற்றுள் பரப்பில் முதலாவது எது? லாஹௌல் – ஸ்பிதி. மக்கள் தொகையில் கடைசி எது? அதுவும் லாஹௌல் – ஸ்பிதியே. இதன் பரப்பு 13,841 சதுரக் கிலோமீட்டர். மாநிலத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 31,564. சதுரக் கிலோமீட்டருக்கு இரண்டு பேர் வீதம் வாழ்கின்றனர். 2001-இல் 33,224 பேர் இருந்தனர். நாடெங்கும் மக்கள் தொகை பெருகிய பத்தாண்டில் இங்கே அது குறைந்தது.

இவ்வெண்கள் மனத்தில் பதிய வேண்டுமானால் நாம் அறிந்த மலை மாவட்டம் ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். நீலகிரி மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 2,500 சதுரக் கிலோமீட்டர். 2011-இல் அங்கே 7,35,394 மக்கள் இருந்தனர். லாஹௌல் – ஸ்பிதிக்குள் ஐந்து நீலகிரிகளை வைக்கலாம். ஆனால், நீலகிரி மக்களில் இருபதில் ஒரு பங்கினர்கூட அங்கே இல்லை. உயரத்திலும் ஒப்பிடலாம். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமாகிய தொட்டபெட்டா 2,637 மீட்டர். லாஹௌல் – ஸ்பிதியின் தலைநகராகிய கேலாங் 3,000 மீட்டருக்கு மேலும், ஸ்பிதியின் தலைமை ஊராகிய காஜா 3,600 மீட்டருக்கு மேலும் உள்ளன. நமக்குச் சிகரமாக இருப்பதைவிட உயரமான இடத்தில் அவர்கள் கடைத்தெருவும் பள்ளிக்கூடமும் நடத்துகின்றனர்.

மாவட்டத்திற்கு வடக்கே லடாக்கும், கிழக்கே திபெத்தும், தென்கிழக்கே கின்னௌர் மாவட்டமும், தெற்கே குல்லு மாவட்டமும், தென்மேற்கே காங்க்ராவும், மேற்கே சம்பாவும் எல்லைகளாக அமைந்துள்ளன.

மலையா, பாலையா?

நிலத்தை ஐந்து திணையாகப் பகுத்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. மலை என்றால் குறிஞ்சி என்போம்; அருவியும் தேனும் தினைப்புனமும் உடனே நினைவுக்கு வரும். அந்த நினைவோடு ஸ்பிதிக்குப் போனவன் ஏமாந்து நிற்பான். மரம் இல்லை, புல்லும் அரிது. மண் நிறத்திலும் சாம்பல் நிறத்திலும் மலைகள் வெறுமையாக நிற்கின்றன. மலையின் உயரமும் பாலையின் வறட்சியும் ஒன்றுகூடிய இந்நிலத்தைக் குளிர்ப் பாலை என்பதே பொருந்தும்.

இதற்குக் காரணம் எளியது. தென்மேற்குப் பருவக்காற்று சமவெளியைக் கடந்து வந்து, தெற்கே நிற்கும் பீர் பஞ்சால் மலைத்தொடரில் மோதித் தன் நீரையெல்லாம் மணாலிப் பக்கத்திலேயே கொட்டிவிடுகிறது. மலையின் மறுபக்கமாகிய இம்மாவட்டத்திற்கு எஞ்சுவது மிகச் சிறிது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கம் நனைய, இந்தப் பக்கம் காய்வதைக் கண்ட நமக்கு இது புதுமையன்று. இங்கே நீர் பெரும்பாலும் குளிர்காலத்தில், மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தங்களால், பனியாக விழுகிறது. அப்பனியே கோடையில் உருகி வயலுக்கு வருகிறது. ஆதலால் பனி இவர்களுக்குப் பகைவனும் ஆகும். உயிர் தரும் தாயும் ஆகும். குளிர்காலத்தில் பனி மிகுந்தால் வழி அடைபடும். குறைந்தால் கோடையில் வாய்க்கால் வற்றும்.

நீர் வகுத்த எல்லை

இம்மாவட்டத்தின் பெயரிலேயே இரண்டு பெயர்கள் இருக்கின்றன. லாஹௌல் ஒரு நாடு. ஸ்பிதி மற்றொரு நாடு. இரண்டையும் பிரித்து நிற்பது ஏறத்தாழ 4,550 மீட்டர் உயரமுள்ள குன்ஜும் கணவாய்.

லாஹௌலின் ஆறுகள் இரண்டு: சந்திரா, பாகா. இரண்டும் ஏறத்தாழ 4,890 மீட்டர் உயரத்தில் உள்ள பாரலாச்சா கணவாயின் இரு பக்கங்களிலும் பிறக்கின்றன. பாகா தென்மேற்காக இறங்கிக் கேலாங் வழியாக வருகிறது. சந்திரா முதலில் தென்கிழக்கே ஓடி, மலைகளைச் சுற்றித் திரும்பி, மேற்கு நோக்கி வருகிறது. இரண்டும் கேலாங்கிற்கு அருகில் தண்டி என்னுமிடத்தில் கூடிச் சந்திரபாகா என்னும் பெயர் பெறுகின்றன. அந்த ஆறே ஜம்முப் பகுதிக்குள் புகுந்து செனாப் ஆகிறது.

ஸ்பிதி ஆறு குன்ஜும் மலைகளில் பிறந்து தென்கிழக்கே ஓடுகிறது. கின்னௌர் மாவட்டத்தில் காப் என்னுமிடத்தில் சட்லெஜ் ஆற்றோடு கலக்கிறது.

படத்தில் விரல் வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். குன்ஜும் கணவாயின் மேற்குப் பக்கத்தில் விழும் பனி செனாப் ஆகிறது. கிழக்குப் பக்கத்தில் விழும் பனி சட்லெஜ் ஆகிறது. பிரிந்த இந்நீர் மீண்டும் கூடுவது பாகிஸ்தானில், பஞ்சநதம் என்னுமிடத்தில். ஒரே மாவட்டத்து நீர் ஒன்றையொன்று காண ஒரு நாட்டெல்லையைக் கடந்து நூற்றுக்கணக்கான கல் போக வேண்டியிருக்கிறது. நீரின் கதை இதுவென்றால், மனிதர் கதையும் ஏறக்குறைய இதுவே.

மலைநாட்டில் பாதைகள் ஆற்றைப் பின்பற்றியே செல்லும். லாஹௌலின் பழைய வாசல் தெற்கே குல்லுவை நோக்கிய ரோதங் கணவாய். அதன் உயரம் 3,978 மீட்டர். ஸ்பிதியின் வாசல் தென்கிழக்கே கின்னௌரை நோக்கிய சட்லெஜ் பள்ளத்தாக்கு. இரண்டு பள்ளத்தாக்குகளுக்கும் நடுவே உள்ள கதவு குன்ஜும். கார்த்திகை வாக்கில் அக்கதவு பனியால் மூடப்படும். வைகாசி, ஆனி வரையில் திறப்பதில்லை. கோடையில் காஜாவிலிருந்து கேலாங்கிற்கு இருநூறு கிலோமீட்டருக்குள் போய்விடலாம். குளிர்காலத்திலோ கின்னௌருக்கு இறங்கி, ராம்பூரைக் கடந்து, மண்டி, குல்லு, மணாலி வழியாகச் சுற்றி ஏற வேண்டும். ஒரு வழிப் பயணமே ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல்.

“எந்த வழியாக?” என்று என் நண்பர் கேட்டதன் பொருள் இதுதான்.

கடலாயிருந்த மலை

நிலவியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்ல அனுமதிக்க வேண்டும். இவ்வளவு உயரத்தில் நிற்கும் ஸ்பிதி மலைகள் ஒரு காலத்தில் டெத்திஸ் என்னும் கடலின் அடித்தளமாக இருந்தவை. அக்கடலில் வாழ்ந்த, நத்தைபோல் சுருண்ட ஓடுடைய அம்மோனைட்டு என்னும் உயிரிகளின் கல்லாகிய எச்சங்கள் ஸ்பிதிக் களிப்பாறையில் ஏராளமாக உள்ளன. இந்திய நிலப்பகுதி வடக்கே நகர்ந்து ஆசியாவோடு மோதியபோது கடலடிச் சேறு மடிந்து மலையாக எழுந்தது.

நான் அரியலூர்ப் பக்கத்தில் பிறந்தவன். தந்தையாரின் வேலை காரணமாக வடக்கே வளர்ந்தவன். அரியலூரிலும் அம்மோனைட்டுகள் கிடைக்கின்றன. அவை வேறொரு காலத்துக் கடலின் எச்சங்கள். இவ்விரண்டு இடங்களையும் ஆராய்ந்த அறிஞர் ஒருவர் உண்டு. பெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா என்பது அவர் பெயர். 1860-களில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய அவர், ஸ்பிதியின் பாறை அடுக்குகளையும் விவரித்தார். திருச்சிராப்பள்ளி, அரியலூர்ப் பகுதிப் புதைபடிவங்களையும் விரிவாக எழுதினார். 1874-இல் லடாக் வழியாகத் திரும்பும்போது உயிர் நீத்தார். லே நகரில் அடக்கம் செய்யப்பட்டார்.

இதனை இங்கே சொல்வதற்கு ஆட்சி தொடர்பான காரணமும் உண்டு. கடற்சேற்றிலிருந்து உண்டான களிப்பாறை எளிதில் உதிரும். அதன்மேல் வெட்டிய சாலை அடிக்கடி சரியும். பனி மூடாத மாதங்களிலும் மண்சரிவு வழியை மறிக்கும். மாவட்ட அதிகாரியின் முதல் வேலை வழியைத் திறந்து வைத்தலே என்று அங்கே சொல்வது மிகையன்று.

மக்களும் தொழிலும்

லாஹௌலில் பௌத்தரும் இந்துக்களும் கலந்து வாழ்கின்றனர். திரிலோகநாதர் கோயிலில் இரு சமயத்தாரும் ஒரே உருவத்தை வணங்குகின்றனர். ஸ்பிதியில் பௌத்தமே வாழ்க்கை. கி.பி. 996-இல் நிறுவப்பட்ட தாபோ மடம் இன்றும் வழிபாட்டில் உள்ளது. அதன் சுவரோவியங்களும் சுதையுருவங்களும் புகழ் பெற்றவை. ஸ்பிதியின் பழைய தலைநகராகிய தங்கார், ஆற்றுக்கு மேலே செங்குத்தான முகட்டில் தொங்குவதுபோல் நிற்கிறது.

உழவுக்கு ஆண்டில் ஒரே பருவந்தான். பழைய பயிர்கள் வாற்கோதுமையும் கோதுமை வகைகளும். பின்னர் லாஹௌலில் உருளைக்கிழங்கும் ஹாப்ஸ் என்னும் கொடியும், ஸ்பிதியில் பச்சைப் பட்டாணியும் பணப்பயிர்களாக வந்தன. லாஹௌலின் விதை உருளைக்கிழங்கு நாட்டின் பல பகுதிகளுக்குச் செல்கிறது. அதனை விற்க உழவர்கள் 1966-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொண்டனர்.

பனியாற்றின் அடியிலிருந்து மலைச்சரிவு வழியாக வெட்டிக் கொண்டுவரும் வாய்க்காலை அங்கே கூல் என்பர். எந்த வீட்டு வயலுக்கு எந்நேரம் நீர் என்பதை ஊரே முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்கிறது. ஏரிப் பாசன ஊர்களில் மடை திறக்கும் முறையைக் கண்டவர்க்கு இது விளங்கும். நீர் குறைந்த இடத்தில் ஒழுங்கு தானே பிறக்கிறது. ஸ்பிதியில் நிலம் துண்டுபடாதிருக்க மூத்த மகனுக்கே நிலம் சேர்வதும், இளையோர் மடம் புகுவதும் பழைய வழக்கம்.

ஆட்சி வளர்ந்த வரலாறு

லாஹௌலும் ஸ்பிதியும் தொடக்கத்திலிருந்தே ஒன்றாக இருந்தவை அல்ல. லாஹௌல் நெடுங்காலம் குல்லு அரசோடு சேர்ந்திருந்தது. ஸ்பிதி லடாக்கோடு சேர்ந்திருந்தது. 1846-இல், முதல் சீக்கியப் போருக்குப் பின், குல்லுவும் லாஹௌலும் ஆங்கிலேயர் கைக்கு வந்தன. அதே ஆண்டில் ஸ்பிதியையும் ஜம்மு மன்னரிடமிருந்து மாற்றாகப் பெற்றுக் குல்லுவோடு இணைத்தனர். இரு பள்ளத்தாக்குகளும் ஓராட்சியின் கீழ் வந்தது இவ்வாறுதான்.

ஆனால், கணவாய்க்கு அப்பால் அதிகாரியை அனுப்பி ஆள்வது எளிதன்று என்பதை அவர்கள் விரைவில் உணர்ந்தனர். லாஹௌலில் தாகூர் குடும்பத்தாருக்கும், ஸ்பிதியில் நோனோ எனப்படும் பரம்பரைத் தலைவருக்கும் அதிகாரம் கொடுத்தனர். 1873-இல் ஸ்பிதிக்கென்றே தனி ஒழுங்குமுறைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. சிறு வழக்குகளை நோனோவே விசாரித்தார். இது மக்களுக்குச் செய்த தொண்டு என்பதைவிட, அரசு செலவின்றி ஆள்வதற்குக் கண்டுபிடித்த வழி என்பதே பொருந்தும். மருத்துவமும் கல்வியும் அவ்வழியில் மலையேறிவிடவில்லை.

1941-இல் கேலாங்கைத் தலைமையிடமாகக் கொண்டு துணைத் தாசில் ஒன்று அமைக்கப்பட்டது. அப்போது இப்பகுதி பஞ்சாபின் காங்க்ரா ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1960-இல் லாஹௌல் – ஸ்பிதி தனி மாவட்டமாயிற்று. அந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். அதே 1960-இல்தான் கின்னௌர், உத்தரகாசி, சமோலி, பித்தோராகர் ஆகிய மாவட்டங்களும் பிறந்தன. எல்லாம் திபெத்து எல்லையை ஒட்டியவை. வடக்கு எல்லையில் கவலை மூண்ட காலம் அது. அதுவரையில் எவரும் நினையாதிருந்த பள்ளத்தாக்குகளை அரசு நினைக்கத் தொடங்கியது. எல்லையைக் காக்க வேண்டுமானால் எல்லையில் வாழ்பவரையும் காக்க வேண்டும் என்னும் பாடம் அப்போது கற்கப்பட்டது.

1966 நவம்பர் முதல் நாள் பஞ்சாப் மாநிலம் சீரமைக்கப்பட்டபோது இம்மாவட்டம் இமாசலப் பிரதேசத்திற்கு மாறியது. 1971 சனவரி 25-இல் இமாசலம் முழு மாநிலமாயிற்று.

இன்றைய அமைப்பு

நாம் கலெக்டர் என்று சொல்லும் அதிகாரிக்கு வடபுலத்தின் பல மாநிலங்களில் டெபுடி கமிஷனர் என்று பெயர். ‘டெபுடி’ என்ற சொல்லைக் கண்டு அவர் வேறொருவருக்குக் கீழ்ப்பட்ட சிறு அதிகாரி என்று எண்ணுதல் கூடாது. மாவட்டத்தின் தலைவர் அவரே. லாஹௌல் – ஸ்பிதியின் டெபுடி கமிஷனர் கேலாங்கில் இருக்கிறார். ஸ்பிதிக்கென்று காஜாவில் அடிஷனல் டெபுடி கமிஷனர் ஒருவர் இருக்கிறார்.

காஜாவில் அவர் இருப்பது அலங்காரத்திற்காக அன்று. பழங்குடிப் பகுதிகளுக்கென்று இமாசல அரசு ஒற்றைவழி ஆட்சி என்னும் முறையைக் கொண்டுவந்தது. 1986-இல் சம்பா மாவட்டத்துப் பாங்கியில் தொடங்கி, பிறகு மற்றப் பழங்குடிப் பகுதிகளுக்கும் அது விரிந்தது. சமவெளியில் ஒவ்வொரு துறையும் தன் மேலதிகாரியிடம் தனித்தனியே கோப்பு அனுப்பும். பாதை அடைபட்ட பள்ளத்தாக்கில் அப்படி அனுப்பினால் கோப்பு திரும்பி வருமுன் பருவம் மாறிவிடும். ஆகவே, அங்குள்ள துறைகளையெல்லாம் அவ்விடத்து அதிகாரி ஒருவரின் கீழ்க் கொண்டுவந்து, முடிவுகளை அங்கேயே எடுக்கச் செய்தனர். வளர்ச்சித் திட்டங்களிலும் லாஹௌல் ஒரு தனித் திட்டப்பகுதி. ஸ்பிதி மற்றொரு தனித் திட்டப்பகுதி. படத்தில் ஒன்றாக இருப்பதைப் பனி இரண்டாக்குகிறது என்பதை ஆட்சியே ஒப்புக்கொண்டதன் அடையாளம் இது.

இன்னொரு சிறப்பும் உண்டு. 1975-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இம்மாவட்டம் முழுவதும் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதியாகும். இத்தகைய பகுதியில், நாடாளுமன்றமோ சட்டமன்றமோ இயற்றிய ஒரு சட்டம் பொருந்தாது என்றோ, மாற்றத்தோடு பொருந்தும் என்றோ ஆளுநர் அறிவிக்கலாம். பழங்குடியினர் நிலம் பிறர் கைக்குப் போகாதிருக்க இமாசலத்தில் 1968-ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லாமையால் நம்மிற் பலர் இவ்வேற்பாட்டை அறிவதில்லை.

பனிக்கு வளைந்த நாள்காட்டி

ஆட்சி மனம் வைத்தால் எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள்.

மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதற்கும் மார்ச்சு முதல் நாளே கணக்குநாள். ஆனால், 2011 கணக்கெடுப்பில் பனி மூடும் பகுதிகளுக்கு 2010 அக்டோபர் முதல் நாளே கணக்குநாளாக வைக்கப்பட்டது. 2025 ஜூனில் வெளியான அறிவிப்பும் அடுத்த கணக்கெடுப்பிற்கு நாட்டின் பிற பகுதிகளுக்கு 2027 மார்ச்சு முதல் நாளையும், இமாசலம் முதலியவற்றின் பனிப்பகுதிகளுக்கு 2026 அக்டோபர் முதல் நாளையும் குறித்தது.

தேர்தலும் அவ்வாறே. நாட்டின் முதற் பொதுத்தேர்தலில் அண்டையிலுள்ள கின்னௌர் மக்கள் பனி விழுமுன் 1951 அக்டோபரிலேயே வாக்களித்தனர். ஏனைய பகுதிகள் பெரும்பாலும் 1952 தொடக்கத்தில்தான் வாக்களித்தன. இன்று ஸ்பிதியில் தாஷிகங் என்னும் சிற்றூரில், 15,256 அடி உயரத்தில், உலகிலேயே மிக உயரமான வாக்குச்சாவடி இயங்குகிறது. அங்கே வாக்காளர் ஐம்பது, அறுபது பேர். அருகில் ஹிக்கிம் என்னும் ஊரில் 1983-இல் திறந்த அஞ்சலகம் ஏறத்தாழ 4,440 மீட்டர் உயரத்தில் உள்ளது.

ஐம்பது வாக்குக்காக இத்தனைச் செலவா என்று நண்பர்கள் கேட்கலாம். செலவுக் கணக்கு பார்த்தால் நட்டந்தான். ஆனால், சென்னையில் ஒரு தெருவில் வாழ்வோர்க்கு உள்ள உரிமை தாஷிகங்கில் வாழ்வோர்க்கும் உண்டு என்றால், ஒருவருக்கு ஐந்து நிமிட நடையும் மற்றவருக்கு ஐந்து நாள் பயணமும் என்று விட்டுவிட்டு அதனைச் சமம் என்று கூறலாமா? சமமாக நடத்துவதற்கே சில இடங்களில் வேறாக நடத்த வேண்டியிருக்கிறது.

சுரங்கத்திற்குப் பின்

2020 அக்டோபர் 3-இல் ரோதங்கின் அடியில் 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. அதற்கு முன் ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் லாஹௌல் உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. குளிர்காலத்தில் நோயாளியை ஹெலிகாப்டரில்தான் இறக்க வேண்டும். வானிலை தவறினால் அதுவும் இல்லை. இன்று மணாலியிலிருந்து கேலாங்கிற்குக் குளிர்காலத்திலும் போக முடிகிறது. சரிவுப்பனி சாலையை மறிக்கும் நாட்கள் இன்னும் உண்டு. எனினும் இது பெரிய மாறுதல். பயணிகள் கூட்டமும் குப்பையும் புதிய கவலைகளாக வந்துள்ளன.

ஆனால், சுரங்கம் லாஹௌலைக் குல்லுவோடுதான் இணைத்தது, ஸ்பிதியோடு இணைக்கவில்லை. குன்ஜும் இன்றும் குளிர்காலத்தில் மூடப்படுகிறது. படத்தைப் பார்க்கும் சமவெளியார், “சுரங்கந்தான் வந்துவிட்டதே, இனி அம்மாவட்டத்திற்கு என்ன குறை?” என்று கேட்பர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வேறொரு கவலை மெல்ல வளர்கிறது. சந்திரா பள்ளத்தாக்கில் சோட்டா சிக்ரி என்னும் பனியாற்றை 2002 முதல் தொடர்ந்து அளந்து வருகின்றனர். ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கம் இருந்தாலும் மொத்தத்தில் அது பனியை இழந்துகொண்டே வருகிறது. கூலில் ஓடும் நீர் அத்தகைய பனியிலிருந்து வருவது. பனி மிகுந்தமையால் உண்டான துன்பத்திற்கு ஆட்சி ஒருவாறு வழி கண்டுவிட்டது. பனி குறைவதால் வரும் துன்பத்திற்கு வழி காண்பது வரும் தலைமுறையின் கடமையாகும். அறிவியல் படிக்கும் நமக்கும் அதில் பங்கு உண்டு.

படிவத்தின் கதை

என் நண்பரின் படிவம் என்ன ஆயிற்று? சான்றிதழில் கையெழுத்திட்டவர் காஜாவின் அடிஷனல் டெபுடி கமிஷனர். அவர் அங்கே அமர்த்தப்பட்டதே, ஸ்பிதி மக்கள் கேலாங்கிற்கு ஓடக்கூடாது என்பதற்காகத்தான். மலை மேலே ஆட்சி தன் கடமையைச் செய்துவிட்டது. ஆனால், கீழே ஒரு மேசையில் இருந்தவர் ‘அடிஷனல்’ என்ற சொல்லை மட்டும் பார்த்தார், படத்தைப் பார்க்கவில்லை.

தந்தையார் புறப்படத் தயாராகவே இருந்தார். நண்பர்தான் வேண்டாம் என்று தடுத்துவிட்டார். அறுபது வயது கடந்தவரை, பனிக்காலத்தில், ஒரு கையெழுத்திற்காகப் போகவர ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து விளக்கக் கடிதம் எழுதினோம். தேதி கடந்துவிட்டது என்று விடை வந்தது. அந்த ஆண்டு முழுவதும் நண்பர் மாலை நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துச் சாப்பாட்டுக் கட்டணம் செலுத்தினார். படிப்பை விடவில்லை என்பது ஒன்றே ஆறுதல்.

வெளிமாநிலத்தில் படிக்கும் நமக்குச் சான்றிதழ்த் தொல்லை தெரியாததன்று. இருப்பிடச் சான்று, சாதிச் சான்று என்று இரண்டு நாள் ரயிலில் ஊருக்கு ஓடியவர்கள் நம்மில் பலர். நம் ஊர் அலுவலகத்து முத்திரையை இங்குள்ளவர் ஐயத்தோடு புரட்டிப் பார்த்தபோது நம் மனம் எப்படி இருந்தது என்பதும் நினைவிருக்கும். ஆயினும், அடுத்த அறையில் இருந்த நண்பருக்கு நான் சொன்னது என்ன? “ஒரு நாள் வேலைதானே?”

இன்று இவ்விதழைப் படிக்கும் நண்பர்களில் சிலர் நாளை ஆட்சிப்பணித் தேர்வு எழுதுவர். சிலர் கல்லூரியிலோ வங்கியிலோ மேசைக்குப் பின்னால் அமர்ந்து பிறர் நீட்டும் படிவங்களை வாங்குவர். அப்போது ஊரும் மாவட்டமும் நாம் அறியாத பெயராக இருக்கக்கூடும். திருப்பி அனுப்புமுன் படத்தை ஒருமுறை விரித்துப் பார்த்து, இவர் எந்த வழியாக வர வேண்டும் என்று கேட்டுக்கொள்வோமாக.